கம்பைலர் தூக்கிப் போட்ட கட்டில்

கல்லணையிலிருந்து கடற்கரை வரைக்கும் கிறுக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாதிப் பேர் எனக்குப் பழக்கம். மீதிப் பேர் என் மில்லில் வேலை பார்த்தவர்கள். ஆனால் வேலை வேகமாக நடக்கவேண்டும் என்பதற்காகவே பொழுதெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பூலோகத்தில் இரண்டாவது ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள், பேட்டா கொடுத்து உட்கார வைக்கிறேன்.

அவரைக் கம்பைலர் என்று கூப்பிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவரே மறந்துபோய்ப் பத்து நிமிஷம் யோசிப்பார் என்பது என் அபிப்பிராயம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு வரியில் அடங்காது, இருந்தாலும் சொல்கிறேன். வலங்கைமான் பக்கம் வந்து உயரமான புகைபோக்கி எது என்று கேளுங்கள், என் மில்லைக் காட்டுவார்கள். அதே ரோட்டில் இன்னொருவர் மில்லில் மூட்டை தூக்கியவன் நான். படிப்பு நாலாவது, அதுவும் பாஸா ஃபெயிலா என்பது அந்த வாத்தியாருக்குத்தான் வெளிச்சம். பாய்லர் போடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே நெல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லுவேன். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வரலாம். டீ என் செலவு.

அந்தக் குறுவையில் மழை அறுப்புக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டது. வயலில் சாய்ந்த நெல்லை மிஷின் வைத்து அள்ளி எடுத்தார்கள். ஈர நெல். இரண்டு நாள் தார்ப்பாய்க்குள் கிடந்தால் போதும், அரைக்கும்போது அரிசிக்கு நடுவே கறுப்பும் பழுப்புமாகப் பல்லிளிக்கும். மற்ற மில்காரர்கள் எல்லாம் 'பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்' என்று செல்போனை அணைத்துக்கொண்டார்கள். நான் அப்படிப்பட்டவனா? கடைத்தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "கொண்டாங்கய்யா! கறுத்துப்போச்சுன்னா என்ன? நம்ம சார்ட்டர் மிஷின் ஒண்ணொண்ணா பொறுக்கி எறிஞ்சிடும்!"

சார்ட்டர் என்பது மேலேயிருந்து அரிசியைக் கொட்டவிட்டு, கேமரா வைத்துப் பார்த்து, கறுப்பு அரிசி வரும்போது குழாய் வழியாகக் காற்றை 'டக்'கென்று ஊதித் தள்ளுகிற மிஷின். நான் வாக்குக் கொடுத்த அன்று சாயங்காலமே இடி இறங்கியது. நேராக அந்த மிஷினுக்குள். உள்ளே இருந்த கம்ப்யூட்டர் பலகை கருகிப்போனது. கம்பெனிக்காரர்கள் பழைய மாடல் என்று கையை விரித்தார்கள். புது மிஷின் வர பொங்கல் ஆகும் என்றார்கள். களத்திலும் கொட்டகையிலும் ஊர்க்காரர்களின் நெல் மலையாகக் கிடந்தது. அந்த நெல்லைப் போட்டுத்தான் அவர்கள் வீட்டில் தீபாவளி. அதை நம்பித்தான் அடுத்த போகமான தாளடி நடவு.

போதாக்குறைக்கு, மாயவரத்து மண்டிக்காரம்மா வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா ஒரு பிடி அரிசியை முந்தானையில் பரப்பிப் பார்ப்பார்கள். கறுப்பு கண்ணில் பட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். காரைத்தான் திறப்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தனையும் கோழித் தீவனத்துக்குத்தான்.

அப்போதுதான் என் பாய்லர் ஆள் கலியமூர்த்தி ஒருவரை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான்.

"மொதலாளி, இவரு எங்க ஊரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் நடவாளுங்க. இவரு பெங்களூர்ல இஞ்சினீயரா இருந்துட்டு, ஊரே போதும்னு வந்துட்டாரு. இந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதிடலாம்ங்கிறாரு."

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தார். நான் அதைச் சொன்னேன். "தெரியும் முதலாளி. போட்ட பெறகுதான் பாத்தேன். கழட்டி மாத்திப் போட்டா ரெண்டு வேலை. இன்னைக்கு இப்படியே ஓட்டிடலாம்" என்றார். ஆள் லேசுப்பட்டவரில்லை என்று அங்கேயே கணித்துவிட்டேன்.

"எந்த பாஷையில எழுதுவீங்க?" என்று கேட்டேன். நாலாவது படித்தவன் என்பதற்காக விவரமில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா?

"ரஸ்ட்."

பக்கத்தில் நின்ற ஃபிட்டர், "ரஸ்ட்னா துரு, மொதலாளி" என்றான்.

"யோவ், துருப் பிடிக்காம இருக்க வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறேன். நீங்க உள்ளயே வெச்சு அடைக்கப் போறீங்களா?"

"பேருதான் அப்படி. வேலை மின்னலு மாதிரி" என்றார்.

"மின்னல் பேச்சை இந்த மில்லுல எடுக்காதீங்க" என்றான் கலியமூர்த்தி.

வேலை ஆரம்பமானது. மிஷின் பக்கத்தில் ஒரு பழைய சிறிய கம்ப்யூட்டரை வைத்தார். மடியில் தன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சடசடவென்று எழுதினார். பிறகு ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னய்யா என்றால், உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. அவரு யோசிக்கிறாரு."

"எவரு?"

"கம்பைலரு."

கம்பைலர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சமாச்சாரம். மனிதன் எழுதுவதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் இவர் அதைப் பெரியப்பா மாதிரி மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். 'அவரு ஒத்துக்கல.' 'அவரு கேள்வி கேக்குறாரு.' 'அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.' இதைக் கேட்ட என் வீட்டுக்காரி, மேலே ரூமில் இவரோடு இன்னொரு பெரிய மனிதரும் தங்கியிருப்பதாக நினைத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு கேரியர் வந்தது. நம்ம ஆள் இரண்டையும் சாப்பிட்டார். சாயங்காலம் இவள் வந்து கேட்டாள்:

"ஏன் தம்பி, அவருக்கு வத்தக்குழம்பு புடிச்சிருந்துச்சா?"

"ரொம்பப் புடிச்சதும்மா. நாளைக்கு அப்பளம் சேத்து வெக்கச் சொன்னாரு."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் கம்பைலர்.

"இவ்வளவு நேரமா என்னய்யா யோசனை?" என்று நான் பொறுமை இழந்து கேட்டால் விளக்கம் சொல்லுவார். "முதலாளி, வேலையைப் பல பேருக்குப் பிரிச்சுக் கொடுன்னா அவரு சீக்கிரமா முடிச்சிடுவாரு. ஆனா ஒருத்தன் பாத்த எடம் இன்னொருத்தனுக்குத் தெரியாது. அதனால மொத்தத்தையும் ஒரே ஆளா, ஒண்ணா வெச்சுப் பாருங்கன்னு செட்டிங் போட்டிருக்கேன். கட்டி முடிக்க நேரம் ஆகும். ஓடும்போது பறக்கும்."

இது எனக்கா தெரியாது? ஒரு வயலுக்கு நாலு ஊர் ஆட்களை இறக்கினால் நடவு சீக்கிரம் முடியும், வரிசை ஒன்றோடொன்று சேராது. ஒரே கோஷ்டி நட்டால் பொழுது சாய்ந்துவிடும், வயல் கோலம் போட்ட மாதிரி இருக்கும். நான் இப்படிச் சொன்னதும் அவர் எழுந்து நின்று கையைக் குலுக்கினார். "பெங்களூர்ல இதைப் புரியவெக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். நான் பெங்களூர் போகாததால் பெங்களூருக்கு நஷ்டம், வேறென்ன.

அது யோசிக்கிற நேரத்தில் இவர் சும்மா இருப்பார் என்று சொன்னேனே, அதில் ஒரு திருத்தம். முதலில் சும்மா இருந்தார். பிறகு மில்லைத் திருத்தக் கிளம்பினார். கடிகாரமும் கையுமாக எங்கே யார் எத்தனை தடவை நடக்கிறார்கள் என்று பார்ப்பார். டீக்கடைக்காரர் ஒவ்வொரு கிளாசுக்கும் தனித்தனியாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போய்வருவதைப் பார்த்து மனம் பதைத்துப் போனார். "அண்ணே, எல்லா கிளாசையும் வரிசையா வெச்சு ஒரே வீச்சுல சர்க்கரையைப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க!" டீ குதிரை வேகத்தில் வந்தது. என் கணக்குப்பிள்ளை, டிரைவர், லோடுமேன் மேஸ்திரி என்று சுகர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் பாயசம் மாதிரி டீ. மேஸ்திரி கிளாசோடு துரத்திக்கொண்டு வந்தார்.

"வேகமா வந்துச்சா இல்லியா?" என்று ஓடிக்கொண்டே கேட்டார் கம்பைலர்.

"வேகமாத்தான்யா வந்துச்சு, எமன் மாதிரி!"

புதன்கிழமை முதல் ஓட்டம். அரிசி கொட்டியது. காற்று 'டக் டக்' என்று அடித்தது. நான் மீசையைத் தடவினேன். கீழே போய்ப் பார்த்தால், கறுப்பு அரிசி கம்பீரமாக நல்ல அரிசியோடு உட்கார்ந்திருந்தது. கழிவுப் பெட்டியில் மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை அரிசி. கேமரா கறுப்பைப் பார்த்து, கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்குள் கறுப்பு போய்விட்டது. பின்னால் வந்த நல்லது அடி வாங்கியது. தப்புச் செய்தவன் தெருவைத் தாண்டிய பிறகு, டீ குடித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்த கதை.

கம்பைலர் கலங்கவில்லை. "இது சோதனைக் கட்டு முதலாளி. ஒவ்வொரு அடிக்கும் நின்னு சரிபாத்துட்டுப் போகும். வேகத்துல நாலு படி இருக்கு. இது அடிப்படி. பூஜ்யம். மூணாம் படியில போட்டுத் தரேன் பாருங்க."

வியாழக்கிழமை காலையில் போட்டார். கம்ப்யூட்டர் ஒரு வரி இங்கிலீஷில் கதறிவிட்டுப் படுத்துக்கொண்டது. என்னவென்றால், 'இந்த மிஷினுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடு' என்று ஒரு செட்டிங் உண்டாம். அதைப் போட்டுவிட்டு, புரோகிராமைத் தன் புது லேப்டாப்பில் கட்டியிருக்கிறார். அளவெடுத்தது லேப்டாப்புக்கு; சட்டையை மாட்டியது என் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு. கழுத்து நுழையவில்லை.

அதைச் சரிசெய்து மத்தியானம் மறுபடி ஓட்டினார். இப்போது திரையில் எண்கள் பறந்தன. "பாத்தீங்களா, கறுப்பைக் கண்டுபிடிச்சிட்டு அது வரட்டும்னு காத்துக்கிட்டு நிக்குது!" என்று குதித்தார். எல்லாம் சரி. காற்று மட்டும் அடிக்கவில்லை. ஒரு 'டக்' இல்லை. கறுப்பும் வெள்ளையும் அண்ணன் தம்பியாகக் கைகோத்துக் கீழே இறங்கின.

அடிப்படியில் போட்டால் காற்று அடிக்கிறது, நேரம் தப்பி அடிக்கிறது. மூன்றாம் படியில் போட்டால் நேரம் தப்பவில்லை, காற்றே இல்லை. இரண்டாம் படியும் அதே கதை. கம்பைலர் முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலம் கேரியர் இரண்டும் திறக்காமல் திரும்பி வந்தன. வெளியே ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நெல்லை மட்டும் கையால் அள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதிலா வராது? கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மண்டிக்காரம்மா உச்சிவேளைக்கு வருவதாகத் தகவல். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததால் மிச்ச நெல்லைக் களத்தில் பரப்பியிருந்தோம். கம்பைலர் மனசு சரியில்லாமல் களத்துப் பக்கம் உலாத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே பாய்லரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. அவள் குரல் குடமுருட்டிக்கு அந்தக் கரையிலும் கேட்கும்.

"அய்யய்யோ! ஆடுங்க! நெல்லு பூராவும் ஆடுங்க!"

ஓடினேன். களம் முழுக்க வெள்ளாடுகள். கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தன. துரத்தி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"அங்க குறுக்க கெடந்த கட்டிலை எவன்யா எடுத்தான்?" என்றாள் இவள்.

"நாந்தாம்மா" என்றார் கம்பைலர். "நானும் வந்த நாள்லேருந்து பாக்குறேன். யாரும் அதுல படுக்குறதில்ல, உக்கார்றதில்ல. எல்லாரும் அதைச் சுத்தி நடக்குறாங்க. உபயோகம் இல்லாத சாமான்னு கொட்டகைக்குப் பின்னாடி தூக்கிப் போட்டுட்டேன்."

"படுக்கறதுக்கு எவன்யா போட்டான்? வேலியில அந்த எடத்துல ஓட்டை. ஆடு நுழையாம இருக்கத்தான் குறுக்க போட்டு வெச்சிருக்கு!"

"அதை யாரும் எங்கிட்ட சொல்லலியேம்மா?"

"இதெல்லாம் போயி எழுதி ஒட்டுவாங்களா தம்பி?"

இவள் இன்னும் நிறையச் சொன்னாள், வாரப் பத்திரிகைக்கு ஆகாது. ஆனால் கம்பைலர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ஒரு ஆட்டுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்படியே மரம் மாதிரி நின்றார். பிறகு குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "முதலாளி! அவரும் கட்டிலைத்தான் தூக்கிப் போட்டிருக்காரு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

"யாரு, அந்த மேல் ரூம்காரரா?" என்றாள் இவள்.

விஷயம் இதுதான். காற்றுக் குழாயைத் திற என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். பிறகு கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக, சும்மா ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிரு என்று எழுதியிருக்கிறார். அப்புறம் அதே இடத்தில் 'மூடு' என்று எழுதியிருக்கிறார். அடிப்படியில், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கம்பைலர் சொன்னதைச் சொன்னபடி செய்தது. மேல்படிக்குப் போனதும் அதற்குப் புத்தி வந்துவிட்டது. சும்மா எண்ணுகிறானே, யாருக்கும் பிரயோசனமில்லையே என்று எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டது. அடுத்து, திற என்று எழுதிய கையோடு மூடு என்று எழுதுகிறானே, முதலில் எழுதியதை யாருமே படிக்கவில்லையே என்று 'திற'வையும் தூக்கிப் போட்டது. மிச்சம் இருந்தது 'மூடு'. மூடியிருக்கிற குழாயை விநாடிக்கு ஆயிரம் தடவை ராஜவேகத்தில் மூடிக்கொண்டிருந்தது மிஷின்.

"தப்பு அவரு மேல இல்ல, முதலாளி. இந்த எழுத்தை வெளியில ஒரு குழாய் பாத்துக்கிட்டு இருக்குன்னு நான் அவருகிட்ட சொல்லல. சொல்லாட்டி அவருக்கு எப்படித் தெரியும்? நானே கட்டிலைத் தூக்கிட்டேன்ல?" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். அந்த இரண்டு வரியிலும் 'இதில் கை வைக்காதே' என்று ஒரு சொல் சேர்த்தார். சும்மா எண்ணுகிற வேலையை எடுத்துவிட்டு நிஜக் கடிகாரத்தைப் பார்த்து மூடச் சொன்னார். பட்டனைத் தட்டினார். கண்ணை மூடினார்.

வாசலில் கார் வந்து நின்றது.

நான் மண்டிக்காரம்மாவை உட்கார வைத்து, என் வாழ்க்கை வரலாற்றை ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். மூட்டை தூக்கிய காலத்தை விரிவாகச் சொன்னேன். பிள்ளையார் சுழி போட்ட முதல் நெல் மூட்டைக்கு வருவதற்குள் அந்த அம்மா கையை உயர்த்தினார்கள்.

"அண்ணே, போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அரிசியைக் காட்டுங்க."

"வருதும்மா. அவரு யோசிச்சுக்கிட்டு இருக்காரு" என்றேன். என் வாயிலேயே அது வந்துவிட்டது பாருங்கள்.

அப்போது உள்ளே கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக் டக். அப்புறம் பொரி வறுக்கிற மாதிரி டகடகடகவென்று ஒரே சத்தம். கலியமூர்த்தி துண்டைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். கம்பைலர் கழிவுக் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து, கொட்டுகிற கறுப்பு அரிசியை இரண்டு கையாலும் ஏந்தி, தங்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டிக்காரம்மா நல்ல பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்து முந்தானையில் பரப்பினார்கள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். முந்தானையை உதறினார்கள். இன்னொரு பிடி எடுத்தார்கள். வாசலில் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"மழை நெல்லுன்னா சொன்னீங்க?"

"ஆமாங்கம்மா."

"சரி, லோடு ஏத்துங்க. இன்னும் எவ்வளவு நனைஞ்சது இருக்கோ, அதையும் இங்கயே அரைச்சுக் கொடுங்க."

அதற்குப் பிறகு களத்தில் நடந்த கூத்தைக் கேட்கவேண்டாம். கம்பைலரைத் தூக்கிவைத்து ஆட வந்தார்கள். "இறக்கிவிடுங்கய்யா, எனக்குத் தலை சுத்தும்" என்று அலறினார். என் வீட்டுக்காரி அவரிடம் வந்து, "அவருகிட்டயும் சொல்லிடுங்க தம்பி, நான் கோவத்துல ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்க வேணாம்னு" என்றாள். அவர் லேப்டாப் பக்கம் திரும்பிப் பவ்வியமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஐப்பசி முழுக்க மிஷின் நிற்கவில்லை. கொட்டகை காலியானது. கோழித் தீவனத்துக்கு ஒரு மூட்டை நெல் போகவில்லை. தாளடி நட்டு, வயலெல்லாம் பச்சை கட்டிய பிறகுதான் கம்பைலர் கிளம்பினார். திருவையாற்றுப் பக்கம் ஒரு மில்லில் இதேபோல மிஷின் செத்துக் கிடக்கிறதாம். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே ரூம் இருக்கிறது, இங்கேயே இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அங்கேயும் நெல்லு நனைஞ்சுதான் கெடக்கு, முதலாளி" என்றார்.

போகிறபோது மிஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "இதுல இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம் முதலாளி. சம்பா அறுப்புக்கு வந்து போட்டுத் தரேன்."

"போதும்யா. இதுக்கு மேல வேகமாப் போயி அரிசி எங்க போகணும்?"

"போதுமா?" என்று, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே புதிதாக வாங்கிய மொபெட்டில் லேப்டாப்பை முன்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. வாய்க்கால் கரை ரோடு எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற சத்தம் கேட்டதும், வேகத்துக்காகவே அந்த மனிதரை வேலைக்கு வைத்திருந்த நான், செருப்புகூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடிப்போய்க் கத்தினேன்:

"மெதுவா போய்யா! ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே போ!"